நூலகத் தரவுத்தளங்களில் ஆய்வுக்கட்டுரைகளைத் தேடுவதும் சேமிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்லூரி நூலகம் ஒன்றின் குறிப்புதவி மேசையில் பணியாற்றுகிறேன். முதுகலை மாணவர்கள் திட்டக்கட்டுரை எழுதத் தொடங்கும் பருவத்திலும், முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தலைப்பைப் பதிவுசெய்யும் பருவத்திலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை இன்னொன்றில் மீண்டும் சொல்லாமல் எண்ணைச் சுட்டியிருக்கிறேன். ஆங்கிலத்தில் தட்டவேண்டிய சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்; தேடுபெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

1. கூகுளில் தேடினாலே கட்டுரை வந்துவிடுகிறதே மேடம், தரவுத்தளம் என்று தனியாக எதற்கு?

தேடலைத் தொடங்குவதற்குக் கூகுள் ஸ்காலர் நல்ல இடந்தான். அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்வதில்லை. 2004இல் வந்த அந்தச் சேவை பல துறைகளை ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் எந்தெந்த ஆய்விதழ்களை அது உள்ளடக்கியிருக்கிறது என்ற பட்டியலை அது தருவதில்லை. எத்தனை இலட்சம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்க விடுவதில்லை. துறைவாரியாக வடிகட்டவும் அதில் வழியில்லை. நூலகத் தரவுத்தளத்தில் எந்த இதழ், எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரியும்; தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், பொருட்தலைப்பு (கட்டுரை எதைப் பற்றியது என்று குறிக்கத் தரவுத்தளம் இடும் நிலையான சொல்) என ஒவ்வொரு புலத்திலும் தனித்தனியே தேடலாம்.

தரவுத்தளங்களிலும் இரண்டு வகை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஜேஸ்டோர், சயின்ஸ் டைரக்ட் போன்றவை கட்டுரையின் முழு உரையைத் தருபவை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், பப்மெட் போன்றவை கட்டுரைகளைப் பற்றிய விவரங்களையும் சுருக்கங்களையும் தரும் அட்டவணைகள். முழு உரைக்கு அவை வேறிடத்துக்கு வழிகாட்டும். “பப்மெட்டில் கட்டுரை திறக்கவில்லை” என்று வருத்தத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

2. எங்கள் கல்லூரிக்கு எதெல்லாம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். பிறகு நூலகரை நேரில் கேளுங்கள். சந்தா விவரம் ஆண்டுதோறும் மாறுவதால், சீனியர் மாணவர் சொன்னதை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் சுமார் 6,300 உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிடும் இத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. பல்கலைக்கழக நூலகங்களை வலையமைப்பால் இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டே “எங்களுக்கெல்லாம் அது கிடைக்காது” என்று தாமாகவே முடிவுகட்டிவிடும் மாணவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. உங்கள் பெயரால் பணம் செலுத்தப்பட்ட ஒன்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சத்துக்கு இடமில்லை. தனியார் கல்லூரி மாணவர்கள் தங்கள் நிறுவனம் தனியாகக் கட்டியுள்ள சந்தாக்களையும், கல்லூரிகளுக்கென இன்ஃப்லிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் தங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

3. கல்லூரியில் திறந்த அதே கட்டுரை வீட்டுக்கு வந்தால் பணம் கேட்கிறது. என்ன தவறு செய்தேன்?

தவறு எதுவுமில்லை. கல்லூரி வளாகத்தின் ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குரிய அடையாள எண்ணை) வைத்தே பதிப்பகத்தின் தளம் உங்களை அடையாளம் காண்கிறது. வீட்டு இணைப்பிலோ கைப்பேசித் தரவிலோ நுழையும்போது நீங்கள் அதற்கு முன்பின் தெரியாதவர். வளாகத்தில் இருந்தபடியே வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசித் தரவில் பார்த்தாலும் இதே நிலைதான்.

வெளியிலிருந்து நுழைய இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, கல்லூரி தரும் விபிஎன் (வெளியிலிருந்தும் கல்லூரி வலையமைப்போடு இணைக்கும் வசதி) அல்லது தொலைநிலை அணுகல் கணக்கு. மற்றொன்று, பதிப்பகத்தின் தளத்திலேயே ‘நிறுவனத்தின் வழியாக உள்நுழைக’ என்ற பொத்தானை அழுத்தி, கல்வி நிறுவனங்களின் உள்நுழைவுகளை இணைக்கும் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பைத் தேர்ந்து, கல்லூரி தந்த பயனர் பெயரால் நுழைவது. எந்த வழியானாலும் கணக்கை நூலகமோ கணினி மையமோதான் திறந்து தர வேண்டும். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே அதைப் பெற்று, ஒருமுறை வெளியிலிருந்து நுழைந்து சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

4. என் ஆய்வுத் தலைப்பை முழுதாகத் தட்டினேன். ஒரு கட்டுரைகூட வரவில்லை. அப்படியென்றால் இந்தத் தலைப்பில் யாருமே ஆய்வு செய்யவில்லையா?

அவ்வாறு முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் தட்டிய அத்தனை சொற்களும் ஒரே பதிவில் இல்லை என்பதே அதன் பொருள். தலைப்பைக் கருத்துகளாகப் பிரிக்க வேண்டும். ‘பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மீது நகரமயமாதலின் தாக்கம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதில் இடம், நிலவகை, நிகழ்வு என மூன்று கருத்துகள் இருக்கின்றன. ‘தாக்கம்’ என்பதைத் தேடலில் சேர்க்கவே தேவையில்லை. எதையும் பிரித்துக் காட்டாத சொல் அது.

இனி ஒவ்வொரு கருத்துக்கும் பிறர் என்னென்ன சொற்களைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிக்கரணை என்ற பெயரை ஆங்கிலத்தில் சிலர் ஒற்றைக் ‘கே’ எழுத்தோடும் சிலர் இரட்டைக் ‘கே’ எழுத்தோடும் எழுதுகிறார்கள். நிலவகைக்கு வெட்லாண்ட், மார்ஷ், ஸ்வாம்ப் என்று மூன்று சொற்களாவது வேண்டும். அர்பனைசேஷன் என்பதைச் சிலர் ‘எஸ்’ எழுத்தோடும் சிலர் ‘இஸட்’ எழுத்தோடும் எழுதுவதால், அந்த எழுத்துக்கு முன்பாகவே சொல்லை நிறுத்தி ஒரு நட்சத்திரக் குறியை இட்டால் இரண்டு வடிவங்களும் சிக்கும். (கூகுள் ஸ்காலரில் இந்தக் குறி இவ்வாறு வேலை செய்யாது.) ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களுக்கு இடையில் ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்லை இட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஒரு கருத்துக்கும் அடுத்த கருத்துக்கும் இடையில் ‘ஆண்ட்’ என்ற இணைப்புச் சொல்லை இடுங்கள். இரண்டையும் பெரிய எழுத்துகளில் தட்டுவது நல்லது. பப்மெட்டில் அது கட்டாயம்.

ஆண்டையும் கவனியுங்கள். பள்ளிக்கரணை 2022இல்தான் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ‘ராம்சர்’ என்ற சொல்லைக் கட்டாயமாக்கித் தேடினால், அதற்கு முன்பு எழுதப்பட்ட கட்டுரைகளில் பெரும்பகுதியை நீங்களே வெளியே நிறுத்திவிடுவீர்கள்.

5. நீங்கள் சொன்னபடி ‘ஆர்’ போட்டேன். இப்போது நாலாயிரம் வருகிறது! எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது?

படிக்க வேண்டாம். முதலில் தேடலைத் தலைப்பு, சுருக்கம் ஆகிய புலங்களுக்குள் மட்டும் நிறுத்துங்கள். முழு உரைக்குள் தேடும்போது எங்கோ ஓர் அடிக்குறிப்பில் அந்தச் சொல் வந்திருந்தாலும் கட்டுரை பட்டியலில் ஏறிவிடும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வரவேண்டுமானால் அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். அதற்குப் பிறகே ஆண்டு, மொழி, ஆய்வு வகை ஆகிய வடிகட்டிகளுக்குப் போக வேண்டும். ‘முழு உரை மட்டும்’ என்ற வடிகட்டியைத் தொடக்கத்திலேயே அழுத்துவதை நான் ஏற்பதில்லை. கையருகே கிடைப்பது எது என்பதை அது காட்டுமேயன்றி, துறையில் முக்கியமானது எது என்பதைக் காட்டாது. முழு உரையைப் பெறப் பிற வழிகள் உள்ளன (விடை 8).

‘நாட்’ என்ற விலக்குச் சொல்லில் எச்சரிக்கை தேவை. வேளாண்மை வேண்டாம் என்று அதை விலக்கினால், உங்கள் தலைப்பையும் வேளாண்மையையும் ஒப்பிட்டு எழுதிய மிகப் பொருத்தமான கட்டுரையும் சேர்ந்தே மறைந்துபோகும்.

6. சென்னை என்று போடுவதா, மெட்ராஸ் என்று போடுவதா?

இரண்டையும் ‘ஆர்’ இட்டுச் சேர்த்தே தேட வேண்டும். நகரத்தின் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1996இல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலும் மெட்ராஸ் என்ற பெயரே இருக்கும். பின்னர் வந்த வரலாற்று ஆய்வுகளிலும் அதுவே தொடர்கிறது. மாநிலத்துக்கும் இது பொருந்தும்: 1969 வரை அது மெட்ராஸ் மாநிலம். தஞ்சாவூருக்குத் தஞ்சோர், தூத்துக்குடிக்கு டூட்டிகொரின், காஞ்சிபுரத்துக்குக் காஞ்சீவரம், திருவல்லிக்கேணிக்கு ட்ரிப்ளிகேன் என்று காலனிய வடிவங்களையும் சேருங்கள்.

ஆனால் மெட்ராஸ் என்று சேர்த்தவுடன் தொடர்பில்லாத கட்டுரைகள் வந்து குவியும். சென்னைப் பல்கலைக்கழகமும் ஐஐடியும் உயர் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் இன்றுவரை மெட்ராஸ் என்ற பெயரையே தாங்கியிருப்பதால், அந்நிறுவனங்களில் பணியாற்றும் ஒருவர் கணிதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையும் ஆசிரியரின் பணியிட முகவரி வழியாக உங்கள் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். இதற்காகவே, ஊர்ப்பெயர்களை எப்போதும் தலைப்பு, சுருக்கம், பொருட்தலைப்பு ஆகிய புலங்களில் மட்டும் தேடச் சொல்கிறேன்.

7. நர்சிங் படிக்கிறேன். பப்மெட்டில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தேடலாமா, மருத்துவச் சொல்லைத்தான் போட வேண்டுமா?

தேடலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்திவரும் பப்மெட்டில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு ‘மெஷ்’ எனப்படும் பொருட்தலைப்புகள் இடப்பட்டிருக்கும். நீங்கள் ஹார்ட் அட்டாக் என்று தட்டினால், அதற்குரிய பொருட்தலைப்பான ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பதையும் தளம் தானே சேர்த்துத் தேடும். ஆனால் சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டாலோ நட்சத்திரக் குறியைச் சேர்த்தாலோ இந்தத் தானியங்கு உதவி நின்றுவிடும். 4, 5ஆம் விடைகளில் சொன்ன உத்திகளைப் பப்மெட்டில் கையாளும்போது இதை நினைவில் வையுங்கள்.

8. சுருக்கம் மட்டும்தான் தெரிகிறது. முழுக் கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கிறார்கள். கட்டிவிடலாமா?

கட்ட வேண்டாம், உங்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் முயன்று பார்க்கப் பல வழிகள் இருக்கின்றன. வளாக இணைப்பில் அல்லது நிறுவன உள்நுழைவில் இருக்கிறீர்களா என்று முதலில் உறுதிசெய்யுங்கள் (விடை 3). அதன் பின்னும் திறக்காவிட்டால் கட்டுரையின் தலைப்பைக் கூகுள் ஸ்காலரில் இட்டு, ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்து பாருங்கள். ஆசிரியர் தம் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் வைத்த படி அங்கே தென்படக்கூடும். அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சி இதே வேலையைத் தானாகச் செய்யும். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரல், இயற்பியல், கணிதம் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்கைவ். அங்கே கிடைப்பது இதழில் வெளிவருவதற்கு முந்தைய வடிவமாக இருக்கக்கூடும் என்பதால், மேற்கோள் காட்டும்போது எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

ஜேஸ்டோரில் பல இதழ்களுக்கு ‘நகரும் சுவர்’ என்ற ஏற்பாடு உண்டு. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரையிலான அண்மை இதழ்கள் அதில் இரா. அவற்றுக்குப் பதிப்பகத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காவிட்டால் நூலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நூலகம் பிற நூலகத்திலிருந்து படி வருவித்துத் தர முடியும். கட்டுரையாசிரியருக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதுவதும் மரபான, கௌரவமான வழி. நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எதற்காக வேண்டும் என்று நான்கு வரிகளில் பணிவாக எழுதினால் போதும். தம் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பது எந்த ஆய்வாளருக்கும் மகிழ்ச்சியான செய்தி.

9. எல்லாவற்றையும் இலவசமாகத் தரும் சை-ஹப் இருக்கும்போது இத்தனை சுற்று எதற்கு?

சந்தாக்களின் விலை நம் நிறுவனங்களுக்குப் பெரும் சுமை என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பதிப்புரிமையை மீறும் தளத்தை நூலகம் பரிந்துரைக்க இயலாது. எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய மூன்று பதிப்பாளர்கள் 2020 டிசம்பரில் அத்தளத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், அங்கே பெறும் படியில் பின்னாளைய திருத்தமோ இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்ற செய்தியோ (விடை 14) தெரியாது.

10. நல்ல கட்டுரைகளின் முகவரியை எல்லாம் நகலெடுத்து ஒரு கோப்பில் வைத்திருந்தேன். இப்போது எதுவுமே திறக்கவில்லை!

இது மிகப் பரவலான துயரம். சில தரவுத்தளங்களில் உலாவியின் மேலே தெரியும் முகவரி அந்த அமர்வுக்கு மட்டுமே உரியது. வெளியேறியதும் அது செல்லாது. எப்ஸ்கோ போன்ற தளங்களில் ‘நிலையான இணைப்பு’ என்று தனிப் பொத்தானே இருக்கிறது. அதை அழுத்தி வரும் முகவரியைத்தான் சேமிக்க வேண்டும்.

அதைவிடச் சிறந்தது டிஓஐ எண். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக இடப்படும், 2000ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள இந்த அடையாள எண் 10 என்று தொடங்கி, ஒரு புள்ளியோடும் சாய்வுக்கோட்டோடும் நீளும். பதிப்பகம் கைமாறினாலும் தளத்தின் முகவரி மாறினாலும் இந்த எண் மாறாது. உங்கள் கோப்பில் செத்துப்போன முகவரிகளுக்கு அருகே கட்டுரைத் தலைப்புகளாவது இருந்தால், அவற்றைக் கிராஸ்ரெஃப் தளத்தின் தேடுபெட்டியில் இட்டு டிஓஐ எண்களை மீட்டுவிடலாம். பழைய இந்திய இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ இராது. அவற்றுக்கு ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, எண், ஆண்டு, பக்கம் ஆகிய ஏழையும் எழுதிவையுங்கள்.

பிடிஎஃப் கோப்பையும் இறக்கிவைப்பது நல்லதே. ஆனால் தளம் தரும் எண்மயமான கோப்புப்பெயரை அப்படியே விடாமல், ஆசிரியர், ஆண்டு, தலைப்பின் இரண்டு சொற்கள் என்ற வரிசையில் அப்போதே மாற்றிவிடுங்கள். பதிவிறக்கக் கோப்புறையில் எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட நூறு கோப்புகள் சேர்ந்தபின் அவற்றைத் திறந்து திறந்து பார்ப்பது வீண் உழைப்பு.

11. மொத்தமாக ஐந்நூறு கட்டுரைகளை ஒரே இரவில் இறக்கி வைத்துக்கொள்ளட்டுமா? பிறகு நிதானமாகப் படிக்கலாமே.

தயவுசெய்து வேண்டாம். மொத்தப் பதிவிறக்கத்தைப் பதிப்பகங்களின் ஒப்பந்தங்கள் தடைசெய்கின்றன. 3ஆம் விடையில் சொன்னபடி தளம் அடையாளம் காண்பது வளாகத்தின் ஐபி முகவரியைத்தான். எனவே தடை விழும்போது உங்களோடு சேர்த்துக் கல்லூரி முழுவதற்கும் விழும். இதற்கென்றே எழுதப்பட்ட நிரல்களைப் பயன்படுத்துவது இன்னும் மோசம்.

12. ஸோட்டெரோ, மெண்டலே எல்லாம் கட்டாயமா? வேர்டில் பட்டியல் போட்டால் போதாதா?

இவை கட்டுரை விவரங்களைச் சேமித்துத் துணைநூற்பட்டியலை அமைத்துத் தரும் மென்பொருள்கள். இருபது கட்டுரைகள் வரை வேர்டு போதும். முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதாது. ஸோட்டெரோ இலவசம், திறமூல மென்பொருள். அதனால் அதையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன். டிஓஐ எண்ணை இட்டால் கட்டுரையின் விவரங்கள் அனைத்தையும் அது தானே நிரப்பிக்கொள்ளும். தரவுத்தளங்களில் ‘மேற்கோளை ஏற்றுமதி செய்க’ என்பதை அழுத்தி ஆர்ஐஎஸ் வடிவில் (இத்தகைய மென்பொருள்கள் படிக்கும் பொதுவான கோப்பு வடிவம்) இறக்கினால், தேர்ந்த நாற்பது பதிவுகளையும் ஒரே முறையில் உள்ளே கொண்டுவரலாம். இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க 300 எம்பி மட்டுமே இலவசம். உங்கள் கணினியில் வைப்பதற்கு அந்த வரம்பு இல்லை. நூலகத்தின் பொதுக் கணினியில் மென்பொருளை நிறுவ முடியாதபோது ஆர்ஐஎஸ் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். மறக்காமல் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள்.

13. மென்பொருள் தரும் துணைநூற்பட்டியலை அப்படியே ஒட்டினேன். நெறியாளர் முழுக்கச் சிவப்பு மையில் திருத்திவிட்டார். ஏன்?

மென்பொருள் தனக்குக் கிடைத்த தரவைத்தான் அடுக்குகிறது. தமிழ்ப் பெயர்களில் இது பெரிய சிக்கல். பெயரின் கடைசிச் சொல் குடும்பப்பெயர் என்று மென்பொருள் எண்ணுகிறது. நமக்கோ குடும்பப்பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தந்தையின் பெயர் முன்னால் வந்து தம் பெயர் பின்னால் வந்தால் தப்பித்தோம். ஒருவர் தம் பெயருக்குப் பின் தந்தையின் பெயரை விரித்து எழுதியிருந்தால் பட்டியலில் தந்தையே ஆசிரியராகிவிடுவார். முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்தால் ஒரே ஆசிரியர் இருவராகப் பிரிவார். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் பதிவில் இருந்தால் ஆள் அடையாளத்தை அதைக்கொண்டு சரிபார்க்கலாம். ஒவ்வொரு பதிவையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

பக்க எண்ணிலும் கவனம் வேண்டும். ஜேஸ்டோர் தன் பிடிஎஃப் கோப்பின் முன்னால் ஓர் அட்டைப்பக்கத்தைச் சேர்க்கிறது. திரையில் ஐந்தாம் பக்கம் என்று காட்டுவது கட்டுரையின் நான்காம் பக்கம். இதழின் பக்க எண்ணோ 214ஆகக்கூட இருக்கலாம். பக்கத்தின் மேலோ கீழோ அச்சிடப்பட்டிருக்கும் இதழின் எண்ணையே மேற்கோளில் தர வேண்டும்.

14. தரவுத்தளத்தில் இருந்தால் அது நல்ல கட்டுரை என்றுதானே அர்த்தம்?

அவ்வாறு உறுதியில்லை. லான்செட் இதழ் 1998இல் வெளியிட்ட, தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரையைப் பாருங்கள். அது வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் அதை இறக்கிவைத்தவரின் கோப்பில் இந்தச் செய்தி இராது. பப்மெட்டில் இன்று அந்தப் பதிவைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்று எச்சரிக்கும். ஸோட்டெரோவும் சேமித்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்பில் காட்டும். எனவே ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் முக்கியமான கட்டுரைகளை ஒருமுறை மீண்டும் தேடிப் பாருங்கள்.

இதழின் தரத்துக்குப் பலர் நம்பியிருந்த கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் கைவிட்டுவிட்டது. இனி ஆசிரியர் குழு யார், சக ஆய்வாளர் மதிப்பீடு எப்படி நடக்கிறது, கட்டணம் எவ்வளவு என்பதை நாமே பார்த்தாக வேண்டும்.

15. சாட்ஜிபிடி கொடுத்த ஐந்து கட்டுரைகளில் மூன்று எந்தத் தரவுத்தளத்திலும் இல்லையே?

அவை எங்குமே எழுதப்படாதவையாக இருக்கலாம். இத்தகைய கருவிகள் உண்மையான ஆசிரியர் பெயரையும் உண்மையான இதழின் பெயரையும் சேர்த்து, இல்லாத தலைப்பைக் கட்டித்தருவதுண்டு. டிஓஐ எண்ணை இட்டுப் பாருங்கள். இதழின் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தையும் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 4ஆம் விடையில் சொன்ன மாற்றுச் சொற்களைத் திரட்டுவதற்கு அக்கருவிகள் உதவும். அதில் எனக்கு மறுப்பில்லை.

16. தமிழ் இலக்கிய ஆய்வு செய்கிறேன். ஸ்கோபஸில் தேடினால் என் துறையே இல்லாததுபோல் இருக்கிறது. என்ன செய்வது?

உங்கள் துறை இருக்கிறது. அந்த அட்டவணை அதைப் பார்க்கவில்லை. ஸ்கோபஸ் போன்றவை ஆங்கில இதழ்களை மையமாகக் கொண்டவை. தமிழாய்வின் பெரும்பகுதி கருத்தரங்கக் கோவைகளிலும் பல்கலைக்கழக வெளியீடுகளிலும் சிற்றிதழ்களிலும் மலர்களிலும் அச்சாகிக் கிடக்கிறது. அதைத் தேடச் சென்னையைவிட வாய்ப்பான ஊர் இல்லை என்று துணிந்து சொல்வேன். 1994இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தரமணியில் உள்ளன. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றையும் பயன்படுத்துங்கள். 1896 முதல் எழும்பூரில் இயங்கும் கன்னிமாரா பொது நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படியைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. வீட்டிலிருந்தே பார்ப்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் இணைய நூலகம் இருக்கிறது.

ஆய்வேடுகளுக்கு இன்ஃப்லிப்நெட்டின் ஷோத்கங்காவைப் பாருங்கள். அங்கே தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே தேடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளின் உள்ளே யூனிகோடில் தேடினால் எதுவும் அகப்படாது. வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் நூற்பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பு வேறு: சிலப்பதிகாரத்தை நாம் ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்றோ ‘சிஹெச்’ என்றோ தொடங்குவோம், அமெரிக்க நூலகங்கள் ‘சி’ என்ற ஒற்றை எழுத்தில் தொடங்கும். மூன்றையும் ‘ஆர்’ இட்டுத் தேடினால் இத்தனை நாளும் கண்ணில் படாத ஒரு வரிசை திறக்கும்.

பிறகு, கிடைத்த ஒரு நல்ல கட்டுரையின் துணைநூற்பட்டியலிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். தமிழில் மேற்கோள் அட்டவணைகள் இல்லாத குறையை இந்தப் பழைய முறைதான் நிறைவுசெய்கிறது.

17. “எப்படித் தேடினாய் என்று எழுது” என்கிறார் நெறியாளர். தேடியதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பது?

நினைவில் வைக்க வேண்டாம்; அன்றன்றே எழுதிவிடுங்கள். நாள், தரவுத்தளத்தின் பெயர், தட்டிய தேடுதொடர் அப்படியே, இட்ட வடிகட்டிகள், வந்த முடிவுகளின் எண்ணிக்கை, எடுத்தவை எத்தனை, விலக்கியவை எதனால் என்பவற்றை ஒரு விரிதாளில் நிரப்புங்கள். முறைசார் மீளாய்வு (ஒரு பொருளில் வந்த ஆய்வுகளை வகுத்த முறைப்படி தேடித் தொகுத்து மதிப்பிடும் கட்டுரை) எழுதுபவர்களுக்கு 2009இல் வந்து 2020இல் திருத்தப்பட்ட பிரிஸ்மா வழிகாட்டுதல் இவற்றைக் கட்டாயமாக்குகிறது. மற்ற ஆய்வாளர்களுக்கும் இது காவல். “இதுவரை இந்தப் பொருளில் ஆய்வு நிகழவில்லை” என்ற வாக்கியத்தை வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேள்விக்கு உட்படுத்தும்போது, எங்கெங்கே எந்தச் சொற்களால் தேடினீர்கள் என்ற அந்தத் தாளே உங்கள் சான்று.

தேடுதொடர் சரியாக அமைந்ததும் தரவுத்தளத்தில் கணக்குத் தொடங்கி அதையே சேமித்து, மின்னஞ்சல் அறிவிப்பை இயக்குங்கள். புதிய கட்டுரை வரும்போது தளமே தெரிவிக்கும்.

18. அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. சேமித்ததெல்லாம் போய்விடுமா?

கல்லூரி மின்னஞ்சலில் தொடங்கிய கணக்குகள் அந்த மின்னஞ்சலோடு முடங்கக்கூடும். எனவே ஜேஸ்டோர், பப்மெட், ஸ்கோபஸ், ஸோட்டெரோ ஆகியவற்றில் உள்ள மின்னஞ்சல் முகவரியை இப்போதே சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். தரவுத்தளங்களின் உள்ளே கோப்புறைகளில் வைத்தவற்றை ஆர்ஐஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து, 17ஆம் விடையில் சொன்ன விரிதாளோடு சேர்த்து வேறொரு வட்டிலும் ஒரு படி வையுங்கள். முறையாக இறக்கிய பிடிஎஃப் கோப்புகளைச் சொந்தப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பொதுத் தளங்களில் ஏற்றக் கூடாது. ஜேஸ்டோரின் இலவசத் தனிக்கணக்கில் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது. முன்னாள் மாணவர்களுக்கு வளாகத்துக்குள் வந்து படிக்கும் அனுமதியைச் சில நூலகங்கள் தருகின்றன. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.